ஹீட்டருக்குப் போகும் குழாய்

குளிர்காலம் வந்துவிட்டால் என் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு ஒரே நோய்தான். கண்ணாடி மூடிக்கொள்கிறதாம். வண்டிக்குள் நாலு பேர் உட்கார்ந்து மூச்சு விடுகிறார்கள், நனைந்த குடையைக் காலடியில் போடுகிறார்கள், ஜன்னலை இறுக்கிச் சாத்திக்கொள்கிறார்கள், பிறகு உள்ளே நீர் பூத்து வழி தெரியவில்லை என்று என்னிடம் வந்து நிற்கிறார்கள். ஒருவரிடம், மூச்சு விடாமல் ஓட்டிப் பாருங்கள் என்று சொல்லியே விட்டேன். அவர் மறுபடி வரவில்லை. நல்லதுதான் என்று நினைத்தேன்.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். கடைக்கு ஒரு பெயர்ப்பலகை உண்டு. ஆனால் யாரும் அந்தப் பெயரைச் சொல்வதில்லை, சிடுமூஞ்சி கடை என்றுதான் வழி சொல்வார்கள். வேலை சுத்தம் என்பதால் திட்டிக்கொண்டே வருவார்கள். இருபத்திரண்டு வருடமாக அப்படித்தான் ஓடியது.

கண்ணாடி மூடுவதற்கு நான் சொல்லும் பதில் எனக்கே மனப்பாடம். உள்காற்றையே சுற்றவிடும் பொத்தானை அமுக்காதே. ஹீட்டரைப் போட்டு, காற்றை முன்கண்ணாடிக்குத் திருப்பு. ஜன்னலை இரண்டு விரல் இறக்கி வை. ஈரமான மிதியடியை எடுத்துக் காயப்போடு. காய்ந்த சோப்பை உட்பக்கக் கண்ணாடியில் லேசாகத் தேய்த்து, மங்கல் போகும்வரை துணியால் துடை. எதிரே நிற்பவர் வாயைத் திறப்பதற்குள் இவ்வளவையும் கொட்டிவிடுவேன். அவர் என்ன சொல்ல வந்தார் என்று கேட்கிற வழக்கம் எப்போது விட்டுப்போனது என்று தெரியவில்லை.

என் மச்சினனும் கண்ணாடி மூடுகிறது என்றுதான் போன் செய்தான். மனைவியின் தம்பி. லிஃப்ட் பழுது பார்க்கிற வேலை. இரண்டு வருடத்துக்கு முன் அவன் மனைவி நோயில் போய்ச் சேர்ந்தாள். எட்டு வயதில் ஒரு மகள். அவன் வேலை முடிந்து வரும்வரை பாப்பா எங்கள் வீட்டில்தான் இருப்பாள். எங்களுக்குப் பிள்ளை இல்லை. பாப்பா வந்தபிறகு அந்தக் குறையை நாங்கள் பேசுவதில்லை.

அவன் கார் கோடையில் என்னிடம் வந்தது. உள்ளே கால் வைக்கும் இடம் ஈரம், சர்க்கரைப் பாகு கொட்டினது போல ஓர் இனிப்பு வாடை. மூக்கை உள்ளே நீட்டியதுமே தெரிந்துவிட்டது. டேஷ்போர்டுக்குப் பின்னால் புத்தகம் அளவில் ஒரு சின்ன ரேடியேட்டர் இருக்கிறது. எஞ்சினில் கொதிக்கும் தண்ணீர் இரண்டு ரப்பர் குழாய் வழியாக அதற்குள் போய்த் திரும்பும். அதன்மேல் பட்டு வரும் காற்றுதான் ஹீட்டர் காற்று. அது ஓட்டையாகியிருந்தது. மாற்ற வேண்டுமானால் டேஷ்போர்டு முழுவதையும் கழற்ற வேண்டும், ஒரு நாள் வேலை. வெயில் கொளுத்துகிற காலத்தில் ஹீட்டர் யாருக்கு வேண்டும்? எங்கள் தொழிலில் எல்லோரும் செய்கிற காரியத்தை நானும் செய்தேன். இரண்டு குழாயையும் பிடுங்கி, வளைந்த இரும்புக் குழாய் ஒன்றால் ஒன்றோடொன்று சேர்த்து, கிளாம்ப் போட்டு இறுக்கினேன். தண்ணீர் எஞ்சினிலிருந்து கிளம்பி எஞ்சினுக்கே போய்விடும். ஒழுகுவது நிற்கும். ஹீட்டர் செத்துவிடும். பத்து நிமிட வேலை.

"குளிர் வர்றதுக்குள்ள புதுசு போட்டுத் தர்றேன்" என்றேன்.

அவன் பானெட்டுக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டே நின்றான். "அத்தான், நாங்க லிஃப்ட்ல ஒரு வயரைக் கழட்டினாக்கூட ஒரு சீட்டு எழுதி மாட்டிட்டுத்தான் போவோம். நீங்களும் ஸ்டியரிங்ல ஒண்ணு கட்டி விடுங்களேன். மறந்துடப் போறீங்க."

"எனக்கு எதுக்குடா சீட்டு? எந்த வண்டியில எந்த நட்டு லூசுன்னு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். நீ போய் உன் லிஃப்டைப் பாரு. யாராவது மூணாவது மாடியில தொங்கிட்டிருக்கப் போறாங்க."

சிரித்துக்கொண்டே போனான். நான் என்ன சொன்னாலும் சிரிக்கிற ஒரே ஆள் அவன்தான்.

குளிர் ஆரம்பித்த வாரம் ஆயில் மாற்றுவதற்காக அதே வண்டி வந்தது. பானெட்டைத் திறந்தேன். அந்த வளைந்த குழாய் என் கண்ணுக்கு நேரே இருந்திருக்கும். தலைக்கு மேல் வேலை, பக்கத்தில் ஒரு எஞ்சின் பிரித்துப் போட்டபடி கிடந்தது. ஆயிலை ஊற்றினேன், பானெட்டைச் சாத்தினேன், சாவியைக் கொடுத்தேன். பார்த்தும் பார்க்காததுதான் அது. வேறு சாக்கு என்னிடம் இல்லை.

எட்டு நாள் கழித்து அந்த போன்.

"அத்தான், காலையில கண்ணாடி பூரா மூடிக்குது."

"இங்க நாலு பேர் நிக்கிறாங்கடா. சோப்பைத் தேய். ஜன்னலை ரெண்டு விரல் இறக்கு. காத்தைக் கண்ணாடிக்குத் திருப்பு."

"எல்லாம் செஞ்சாச்சு. காத்து சில்லுனுதான் வருது. ஆயில் மாத்தினப்பவே அந்த ஹீட்டர் குழாயைச் சரி பண்ணிட்டீங்கதானே?"

"ஆமாடா, எல்லாம் சரியாத்தான் இருக்கு. கொஞ்ச நேரம் ஓடவிட்டு அப்புறம் எடு."

பொய் சொல்ல வேண்டும் என்று நான் சொல்லவில்லை. போனை வைத்தால் போதும் என்று சொன்னேன். அவனும் நம்பினான். அத்தான் வேலையில் பொய் சொல்ல மாட்டார் என்று அக்காவிடம் பெருமையாகப் பேசுகிறவன் அவன்.

நாலாம் நாள் காலை ஏழேகாலுக்கு அது நடந்தது. பாப்பாவைப் பள்ளிக்கு அழைத்துப் போய்க்கொண்டிருந்தான். அவளுக்கு இருமல், அதனால் ஜன்னலை மூடியிருந்தான். அவள் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து, அப்பாவுக்காகத் துணியால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே வந்திருக்கிறாள். துடைக்கத் துடைக்க மூடியிருக்கிறது. திருப்பத்தில் தெருக்கூட்டுகிற பெண் ஒருத்தி தள்ளுவண்டியோடு நின்றிருந்தாள். அவன் அவளைப் பார்க்கவே இல்லை. சத்தம் கேட்டுத் திருப்பியதில் கார் விளக்குக் கம்பத்தில் மோதி, முன்பக்கம் நொறுங்கியது. பாப்பாவுக்கு நெற்றியில் ஒரு வீக்கம், அவ்வளவுதான். அந்தப் பெண் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே இறந்துவிட்டாள்.

மனைவி கடைக்கு ஓடிவந்து சொன்னாள். ஸ்பானரைக் கையில் வைத்தபடி நின்றேன். என் மனதில் முதலில் வந்தது அந்தப் பெண் இல்லை, மச்சினனும் இல்லை, பாப்பாகூட இல்லை. அந்த வளைந்த குழாய்தான் வந்தது. எழுதும்போதே வெட்கமாக இருக்கிறது.

அவனைக் காவல் நிலையத்தில் உட்கார வைத்துவிட்டார்கள். கார் அதன் பின்பக்கத்து வளாகத்தில் நின்றது. மறுநாள் காலை வாகன ஆய்வாளர் வந்து பார்ப்பார் என்றார்கள். பாப்பாவின் பள்ளிப் பை காருக்குள்ளேயே கிடந்ததால் மனைவி என்னை எடுத்துவர அனுப்பினாள். காவலுக்கு நின்றவர் என் வாடிக்கையாளர்.

"பையை எடுத்துட்டுச் சீக்கிரம் வந்துடுங்க" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார்.

பானெட் நெளிந்து பாதி திறந்தபடி இருந்தது. ரேடியேட்டர் உடைந்து தண்ணீர் முழுக்க வடிந்துபோயிருந்தது. இனி இந்த எஞ்சினை யாரும் ஓட்டிப் பார்க்க முடியாது, ஹீட்டர் சூடாகிறதா என்று சோதிக்க முடியாது. கண்ணால் பார்ப்பதுதான். இதெல்லாம் நான் யோசித்து முடிப்பதற்குள் கை வேலையை ஆரம்பித்துவிட்டது. கிளாம்பைத் தளர்த்தினேன், வளைந்த குழாயை உருவினேன், இரண்டு ரப்பர் குழாயையும் அதனதன் பழைய இடத்தில் செருகி இறுக்கினேன். புதிதாகப் பிரித்த இடம் பளிச்சென்று தெரியக் கூடாது என்று எஞ்சினில் இருந்த கரியை வழித்துத் தடவினேன். அவ்வளவு சுத்தமான வேலை. பையை எடுத்துக்கொண்டு வந்தேன். குழாயை வழியில் சாக்கடையில் போட்டேன்.

நியாயம் ஒன்றையும் தயாராக வைத்துக்கொண்டேன். இரண்டு பேரும் உள்ளே போனால் பாப்பாவை யார் பார்ப்பது? கடை போய்விட்டால் மூன்று பேர் எதைச் சாப்பிடுவது? நன்றாகத்தான் இருந்தது நியாயம். ஆனால் அன்று பாப்பா பையைத் திறந்து, பென்சில் டப்பா உடைந்துவிட்டதா என்று பார்த்து, "தேங்க்ஸ் மாமா" என்று சொன்னபோது என்னால் அங்கே உட்கார முடியவில்லை.

மறுநாள் பதினோரு மணிக்கு எங்களைக் காவல் நிலையத்துக்குக் கூப்பிட்டார்கள். அதிகாரியின் மேசைக்கு முன்னால் மச்சினன் நின்றுகொண்டிருந்தான். ஒரே இரவில் முகம் சுருங்கிவிட்டது. சுவரோரம் பெஞ்சில் ஓர் ஆள் மடியில் ஆரஞ்சு நிற மழைக்கோட்டைச் சுருட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இறந்தவளின் கணவர் என்று மனைவி காதில் சொன்னாள்.

அதிகாரி முதலில் மச்சினன் கொடுத்த வாக்குமூலத்தை வாசித்தார். "ஹீட்டர்ல ஒழுகினதால, ரெண்டு ஹோஸையும் கழட்டி, ஒரு வளைஞ்ச இரும்புக் குழாயில சேர்த்து, கிளாம்ப் போட்டு என் அக்கா புருஷன் மூடி வச்சிருந்தார். குளிர் வந்ததும் சரி பண்ணிட்டதா சொன்னார். ஆனா காத்து சூடா வரல. அதனால கண்ணாடி மூடிடுச்சு." பிறகு இன்னொரு தாளை எடுத்தார். "ஆய்வாளர் பாத்துட்டார். பிரேக் சரி, ஸ்டியரிங் சரி. ஹீட்டர் ஹோஸ் ரெண்டும் முறையா மாட்டியிருக்குன்னு எழுதியிருக்கார். இரும்புக் குழாய் எதுவும் இல்ல." என்னைப் பார்த்தார். "நீங்க என்ன சொல்றீங்க?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். நான் அதைத்தான் செய்தேன், நாக்கு துளியும் குழறவில்லை.

"கண்ணாடி மூடுதுன்னு போன் பண்ணான். சோப்பு தேய்க்கச் சொன்னேன், ஜன்னலை இறக்கச் சொன்னேன். ஹீட்டரைப் பத்தி எதுவும் பேசல சார்."

மச்சினன் என்னைத் திரும்பிப் பார்த்தான். அவன் வாயைத் திறப்பதற்குள் என் மனைவி முந்திக்கொண்டாள்.

"உன் பொண்ணுக்கு ரெண்டு வருஷமா சோறு போடுற வீடுடா. அவர் தலையிலயா கொண்டுபோய்ப் போடுற? உண்ட வீட்டுக்கு ரெண்டகம் பண்ண எங்கடா கத்துக்கிட்ட?" அவள் தம்பியை அடித்தோ திட்டியோ நான் பார்த்ததில்லை. அம்மா இல்லாமல் அவள் தூக்கி வளர்த்த பிள்ளை.

பெஞ்சில் இருந்தவர் அப்போதுதான் பேசினார். சத்தமாகக்கூட இல்லை.

"கண்ணாடி தெரியலன்னா நிறுத்தியிருக்கலாமே தம்பி. ரெண்டு நிமிஷம் நிறுத்தியிருக்கலாமே."

"ஆமாங்க" என்றான் மச்சினன். "நிறுத்தியிருக்கணும்."

அவன் கண்ணில் கோபம் வரும் என்று காத்திருந்தேன். வந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் வசதியாக இருந்திருக்கும். பழுது எந்த இடத்தில் என்று கண்டுபிடித்துவிட்ட ஆள் மாதிரி மெல்லத் தலையாட்டினான். அக்காவைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"ஹீட்டர் விஷயம் நான்தான் தப்பா சொல்லிட்டேன் சார். எடுத்துடுங்க. எல்லாம் என் தப்புன்னு எழுதிக்கோங்க."

அவன் கையெழுத்துப் போட்டான். நான் சொன்னதற்குக் கீழே நானும் போட்டேன். மனைவி அவனைப் பார்க்காமலே வெளியே போய்விட்டாள். கான்ஸ்டபிள் அவனை உள்ளே அழைத்துப் போகும்போது என் அருகில் ஒரு நொடி நின்றான்.

"கோடையில வேற யார் யாரு வண்டியில அப்படி மூடினீங்கன்னு யோசிச்சுப் பாருங்க அத்தான்" என்றான். "அதையாவது திறந்து விட்டுடுங்க."

யோசித்தேன். அன்று கடையைத் திறக்காமல், ஷட்டருக்கு முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து யோசித்தேன். ரொட்டிக் கடை வண்டி ஒன்று. அதை ஏற்கெனவே மாற்றிவிட்டேனா, இல்லையா? வெள்ளைக் கார் ஒன்று, யாருடையது என்பது மறந்துவிட்டது. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன் என்று பீற்றிக்கொண்ட எனக்கு முழு விழிப்பில் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. ஒன்று மட்டும் சந்தேகமில்லாமல் தெரிந்தது. பள்ளி வேன்.

வேன் டிரைவரின் எண்ணை எடுத்தேன். கூப்பிட்டு என்ன சொல்வது? உன் வண்டியில் ஹீட்டரை மூடி வைத்திருக்கிறேன், ஓட்டாதே என்றா? அந்த ஆள் ஒரு லவுட்ஸ்பீக்கர். பள்ளி வாசலில் நிற்கிற அத்தனை பேருக்கும் சொல்லிவிடுவான். மச்சினன் சொன்ன அதே குழாய், அதே கிளாம்ப். அதிகாரி காதுக்குப் போக எவ்வளவு நேரம் ஆகும்? ஏதாவது சாக்குச் சொல்லி அவனைக் கடைக்கு வரவழைத்து, சத்தமில்லாமல் மாற்றிவிடலாம், நாளை பார்த்துக்கொள்ளலாம் என்று போனைப் பையில் போட்டுக்கொண்டேன்.

மறுநாள் காலை இன்னும் குளிராக இருந்தது. ஆறேமுக்காலுக்குப் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். வாசலில் ஹாரன் சத்தம். எட்டிப் பார்த்தால் பாப்பா சீருடையில், தலை பின்னி, பையை மாட்டிக்கொண்டு நிற்கிறாள். மனைவி அவளுக்கு மஃப்ளரைச் சுற்றிக்கொண்டிருக்கிறாள்.

"இனிமே யாரு கொண்டுபோய் விடுறது? அதான் வேன்ல சொல்லிட்டேன்" என்றாள்.

கேட்டுக்கு வெளியே வேன் உறுமிக்கொண்டு நின்றது. ஜன்னல்கள் எல்லாம் வெள்ளையாக மூடியிருந்தன. உள்ளே பிள்ளைகள் விரலால் கண்ணாடியில் கண்ணும் மூக்கும் வரைந்துகொண்டிருந்தார்கள். டிரைவர் துண்டால் முன்கண்ணாடியில் ஒரு தட்டு அளவுக்குத் துடைத்துவிட்டு, அதன் வழியாக என்னைப் பார்த்துக் கை அசைத்தான். பாப்பா படியில் கால் வைத்துவிட்டாள்.

"ஏறாத" என்றேன்.

வாயெல்லாம் நுரை. அவர்களுக்குப் புரியவில்லை. துப்பிவிட்டு ஓடி, பாப்பாவின் பையைப் பிடித்துக் கீழே இறக்கினேன்.

"வண்டியை ஆஃப் பண்ணு. பிள்ளைங்களை எல்லாம் இறக்கு."

"என்னண்ணே, காலங்காத்தால? நேரமாயிடுச்சு" என்றான் டிரைவர். "கண்ணாடிதானே? நீங்க சொன்ன மாதிரியே சோப்பு தேய்ச்சுட்டேன். கொஞ்ச தூரம் போனா சரியாயிடும்."

"சரியாகாது. பானெட்டைத் திற."

திறந்தான். என் கையால் போட்ட குழாய், என் கையால் இறுக்கிய கிளாம்ப். டிரைவர் குனிந்து பார்த்தான்.

"அட, இது நீங்க கோடையில போட்டதுதானே? குளிர் வந்ததும் எடுத்துடறேன்னீங்க, நானும் மறந்துட்டேன் பாருங்க."

என் மனைவிக்கு எஞ்சினில் எது எங்கே இருக்கிறது என்று தெரியாது. ஆனால் நேற்று அதிகாரி வாசித்ததை அவள் காது கொடுத்துக் கேட்டிருந்தாள். பக்கத்தில் வந்து நின்று, அந்த வளைந்த இரும்பையும் அதன் இருபுறமும் செருகியிருந்த ரப்பர் குழாயையும் பார்த்தாள்.

"அவன் வண்டியிலயும் இதான் இருந்துச்சா?"

"ஆமா."

"நேத்து பாத்தப்ப இல்லன்னாங்களே?"

"பை எடுக்கப் போனப்ப நான் எடுத்துட்டேன்."

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. பிள்ளைகள் ஒவ்வொருவராக இறங்கி, பள்ளிக்கு லீவா என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அவனைப் பாத்து ரெண்டகம்னு சொன்னேனே" என்றாள். "நீங்க பக்கத்துலயேதானே நின்னீங்க. கேட்டுட்டுத்தானே நின்னீங்க."

நான் பானெட்டைச் சாத்தினேன்.

அவள் பாப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "வா, அப்பாகிட்டப் போலாம். அத்தை அவன்கிட்ட ஒண்ணு சொல்லணும்." நாலு அடி நடந்துவிட்டு, திரும்பாமலே, "நீங்களும் வாங்க" என்றாள்.

நான் வாயைத் துடைத்துக்கொண்டு, போட்டிருந்த பனியனோடு அவர்கள் பின்னால் நடந்தேன். காவல் நிலையம் ஒரு மைல் தூரம். பாப்பா மட்டும் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தாள். அதிகாரி திட்டுவார், கடையைப் பூட்டுவார்கள், உள்ளே வைப்பார்கள். அதையெல்லாம்கூட நினைத்துப் பார்க்க முடிந்தது. அந்த மழைக்கோட்டைச் சுருட்டி வைத்திருந்தவர் அங்கே உட்கார்ந்திருக்கக் கூடாது என்று மட்டும் வழியெல்லாம் வேண்டிக்கொண்டே போனேன். அவர் அங்கேதான் இருந்தார்.